முகிலனின் முதுகும் என் மேசைக்கு வரும் முதுகுகளும்

1

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, என் கணினித் திரைக்கு ஒரு பையனின் மருத்துவக் குறிப்பு வந்தது. பெயரை இங்கே எழுத முடியாது; எழுதவும் கூடாது. அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊர். வயது பதின்மூன்று. தசைச்சிதைவு நோய். நடப்பதில்லை, சக்கர நாற்காலி. முதுகெலும்பு வளைந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அவனுக்கு அறிவியல் பிடிக்கும் என்று யாரோ ஒரு நர்ஸ் போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தார்.

ஊரில் இருப்பவர்கள் என்னை இன்னும் 'கம்ப்யூட்டர் வேலை' என்றுதான் சொல்கிறார்கள். அதனால் ஒரு தடவை விளக்கிவிடுகிறேன். திருவனந்தபுரத்தில், கழக்கூட்டத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து, அமெரிக்க டாக்டர்கள் எழுதும் குறிப்புகளைப் படிக்கிறோம். ஒவ்வொரு நோய்க்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு குறியீடு உண்டு. அதைச் சரியாகப் போட வேண்டும். அதை வைத்துத்தான் அங்கே காப்பீட்டுக்காரர்கள் முடிவெடுக்கிறார்கள். 'மெடிக்கல் கோடிங்' என்பது இதுதான்.

முதுகெலும்பு வளைவு என்று பொதுவாகச் சொன்னால் எங்களுக்குப் போதாது. காரணம் தெரியாத வளைவு ஒன்று. பிறவியிலேயே எலும்பு சரியாக உருவாகாததால் வருவது இன்னொன்று. நரம்போ தசையோ தளர்ந்து, தாங்கிப் பிடிக்க ஆளில்லாமல் எலும்பு சாய்ந்துபோவது வேறொன்று. இந்தக் கடைசி வகைக்குக் குறியீடு 'எம்' நாற்பத்தொன்று புள்ளி நான்கு. அதன் பின்னால் வளைவு மார்பிலா, இடுப்பிலா, இரண்டும் சேருமிடத்திலா என்று ஓர் எண். பக்கத்தில் மூல நோயின் குறியீடு.

அந்தப் பையனின் டாக்டர் தசைநோயை ஒரு பக்கத்திலும் வளைவை இன்னொரு பக்கத்திலும் எழுதியிருந்தார். இது அதனால் வந்தது என்று எங்கும் எழுதவில்லை. படிக்கிற எவருக்கும் தெரியும், அதனால்தான் வந்தது என்று. ஆனால் இரண்டையும் நான் சேர்த்து வைக்கக்கூடாது. டாக்டர் 'காரணமாக' என்று ஒரு சொல் எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் கேட்க வேண்டும். அதுவும் பதிலை அவர் வாயில் திணிக்காமல் கேட்க வேண்டும்.

"வளைவின் வகையையும் காரணத்தையும் தெளிவுபடுத்தவும்" என்று கேள்வி அனுப்பினேன். அனுப்பிவிட்டு எழுந்துபோய் மாடிப்படியில் நின்றேன். பக்கத்து இருக்கை அனூப் பின்னாலேயே வந்தான்.

"அண்ணா, எந்து பற்றி? சாயா குடிக்கான் போகாம்?" என்ன ஆச்சு, டீ குடிக்கப் போகலாமா என்றான்.

போனோம். அந்த வாரத்தில்தான் என் மகன் முகிலன் இறந்து ஒரு வருஷம் ஆனது.

2

முகிலன் பிறந்தது சங்கரன்கோவிலில். விலங்கியல் படித்துவிட்டு மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்த எனக்கு இங்கே இந்த வேலை கிடைத்தபோது அவன் கைக்குழந்தை. கரமனையில் ஆற்றுக்குப் பக்கமாக ஒரு கீழ்த்தளம் வாடகைக்குக் கிடைத்தது. கழக்கூட்டத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருவது தொல்லைதான். ஆனால் சுற்றிலும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் தெரு என்று என் மனைவி பேச்சியம்மாளுக்கு ஓர் ஆறுதல். வந்த பிறகுதான் தெரிந்தது, அங்கே பேசும் தமிழ் வேறு தமிழ் என்று. "ஏண்டி பேச்சி, கொழந்தை தூங்கறதோ?" என்று அடுத்த வீட்டு மாமி கேட்பாள். இவள் "ஆமா, ஒறங்குதான்" என்பாள். இருவருக்கும் மற்றவர் பேச்சு வேடிக்கை. ஆனாலும் ஒட்டிக்கொண்டார்கள்.

மலையாளம்தான் அவளை ரொம்ப நாள் பயமுறுத்தியது. பாலர் பள்ளியில் இருந்து ஒருநாள் டீச்சர் போன் செய்து "மோனு பனியாணு" என்றார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். இவளோ மார்கழிப் பனி என்று நினைத்துக்கொண்டு, "ஸ்வெட்டர் பையில வச்சிருக்கேன் டீச்சர், போட்டு விடுங்க" என்று சொல்லிவிட்டாள். டீச்சர் எனக்குப் போன் செய்தார். அதைச் சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டில் பல வருஷம் சிரித்தோம். முகிலனுக்கு அந்தக் கதை அலுக்கவே இல்லை. "பனி வருது, ஸ்வெட்டர் எடு" என்பான், உடம்பு சுடும்போதெல்லாம்.

அவனுக்கு இரண்டு மொழியும் ஒரே வாயில் வந்தன. பிறகு மெல்ல மலையாளம் முன்னால் வந்து, தமிழ் பின்னால் போனது. எங்களிடம் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பான். கீழே விழுந்தால் அழமாட்டான். "சாரமில்லம்மா" என்பான். பரவாயில்லை என்று பொருள். பேச்சிக்கு அந்தச் சொல் பிடிக்காது. "சாரமில்ல, சத்தில்லன்னு ஏன் இப்பிடிச் சொல்லுதான்?" என்பாள்.

அவன் அடிக்கடி விழுந்துகொண்டிருந்தான். அது எங்களுக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

3

ஐந்து வயதில் நரம்பு டாக்டரிடம் போனோம். நடுத்தர வயது அம்மா. எங்களைப் போன்றவர்கள் நிறைய வருவதால் பாதித் தமிழ் பேசுவார். முகிலனைத் தரையில் உட்காரவைத்து எழுந்திருக்கச் சொன்னார். அவன் முழங்காலில் கையை ஊன்றி, பிறகு தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல எழுந்தான்.

"அம்மா வீட்டில் ஆண்பிள்ளைகளுக்கு இதுமாதிரி ஆர்க்காவது உண்டாயிருந்ததோ?" என்று பேச்சியிடம் கேட்டார்.

"இல்ல. எங்க அண்ணனுக்குப் போலியோ. அது வேற."

"எத்தன வயசில நடக்காம ஆச்சு?"

"பத்து வயசுல."

"அதுக்கு முன்னால ஓடுமோ?"

"ஓடுவான். விழுவான். எந்திரிக்கும்போது…" என்று தொடங்கிய பேச்சி நிறுத்திக்கொண்டாள். தரையில் நின்றிருந்த பிள்ளையைப் பார்த்தாள். "இவனை மாதிரித்தான் எந்திரிப்பான்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "போலியோ அங்ஙனெ வராது, அம்மா."

ரத்தப் பரிசோதனை முடிவு வர நாளானது. ஆனால் தசைச்சிதைவு நோய்தான் என்று எங்களுக்கு அந்த அறையிலேயே தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பேச்சி உலை வைத்தாள். பிறகு அரிசி களைந்துகொண்டே சொன்னாள்:

"எங்க அண்ணன் பதினேழு வயசுல செத்தான். இன்னிக்குத்தான் அவன் வியாதிக்குப் பேரு கெடச்சிருக்கு. சின்னதுல வெயில்ல செருப்பில்லாம நடக்க விட்டேன், அதுலதான் காலு போச்சுன்னு எங்க அம்மை சாகுற வரைக்கும் சொல்லிச் சொல்லி அழுதா. அதுக்கும் இதுக்கும் ஒண்ணுமில்லன்னு யாராவது ஒருத்தர் அவகிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

அப்புறம் கேட்டாள். "அப்போ இவனுக்கு என் வழியாவா வந்துச்சு?"

"வந்த வழி அது. நீ காரணமில்ல" என்றேன். நம்பினாளா என்று தெரியவில்லை. நான் சொன்னது உண்மைதான். ஆனால் உண்மை என்பதால் மட்டும் ஒரு தாய்க்கு ஆறுதல் வந்துவிடுவதில்லை.

4

பத்தரை வயதில் நடை நின்றது. நாற்காலி வந்தது. நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் முதுகு சாயத் தொடங்கியது. இது எப்படிப் போகும் என்று எனக்கு முன்பே தெரியும். என் மேசைக்கு வரும் குறிப்புகளில் ஒவ்வோர் ஆறு மாதமும் கோணம் கூடிக்கொண்டே போவதைப் படித்தவன் நான். இருந்தாலும் அவன் சட்டையின் வலது தோள் மேலேறி இடது தோள் இறங்கியிருப்பதை முதன்முதலில் பார்த்தபோது, தையல்காரர் சரியாகத் தைக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

இடது முழங்கையை நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றியே உட்காருவான். அந்த முழங்கை எப்போதும் சிவந்திருக்கும். பேச்சி தேங்காயெண்ணெய் தடவிவிடுவாள்.

அவனுக்குக் கப்பல் பைத்தியம். விழிஞ்ஞத்தில் புதுத் துறைமுகம் வந்து பெரிய கண்டெய்னர் கப்பல்கள் வரத் தொடங்கியதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டோவில் நாற்காலியை மடித்து வைத்துக்கொண்டு போவோம். மீன்பிடித் துறைக்கு மேலே ஒரு மேட்டில் நிறுத்துவேன். கடலில் ஒரு கட்டடம் மிதந்து வருவதுபோல வரும். போனில் ஒரு செயலியைத் திறந்து, எந்தக் கப்பல், எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று சொல்வான்.

"அப்பா, கப்பல் ஒரு சைடு சாஞ்சா என்ன செய்வாங்கன்னு அறியாமோ? மத்த சைடு டேங்குல வெள்ளம் கேற்றும். நேரே ஆயிரும்."

"தண்ணியில மிதக்குறதுக்கு உள்ளயும் தண்ணியா?"

"ஆமா. எனிக்கு அந்த சைடுல டேங்க் இல்ல. அதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். பேச்சி மீன் வாங்கப் போயிருந்தாள்.

அவன் அப்படித்தான். முதுகெலும்பு டாக்டரிடம் முதல்தடவை போனபோது, பதிவு செய்யும் இடத்தில் இருந்த பெண் "வீட்டுப்பேரு?" என்று கேட்டாள். கேரளத்தில் எந்தத் தாளை நீட்டினாலும் இதுதான் இரண்டாவது கேள்வி. இங்கே வீட்டுக்குப் பெயர் இல்லாமல் மனிதர்கள் இல்லை. நமக்கு அந்தப் பழக்கம் கிடையாது. "வாடக வீடாணு" என்று நான் வழக்கம்போல இழுத்தேன். நாற்காலியில் இருந்து முகிலன் முந்திக்கொண்டான்.

"சாய்வில்."

அவள் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டாள். இங்குள்ள வீட்டுப் பெயர்கள் பாதிக்குமேல் 'இல்' என்றுதான் முடியும். அதுமுதல் அவன் ஆஸ்பத்திரித் தாள்கள் எல்லாவற்றிலும் எங்கள் வீடு சாய்வில்.

5

முதுகெலும்பு டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டிக் காட்டினார். கழுத்துக்குக் கீழே தொடங்கி இடுப்பெலும்பு வரை இரண்டு உலோகக் கம்பிகள். எலும்பை இயன்றவரை நிமிர்த்தி அவற்றோடு பிணைத்துவிடுவார்கள். பெரிய அறுவை. நுரையீரல் தாங்கும் நிலையில் இருக்கும்போதே செய்ய வேண்டும். தள்ளிப்போட்டால் வாய்ப்பு போய்விடும்.

எனக்கும் பேச்சிக்கும் தமிழும் ஆங்கிலமும் கலந்து சொன்னார். பிறகு முகிலன் பக்கம் திரும்பினார்.

"மோனெ, எந்தெங்கிலும் சோதிக்கானுண்டோ?" ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

முகிலன் ஒரு முறை அம்மாவைப் பார்த்தான். பிறகு வேகமான மலையாளத்தில், பள்ளிக்கூடத்துப் பையன்கள் தங்களுக்குள் பேசுவதுபோலக் கேட்டான். ஆபரேஷன் செய்தால் நான் எத்தனை காலம் இருப்பேன், செய்யாவிட்டால் எத்தனை காலம்?

டாக்டர் எங்களைப் பார்க்கவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். "ஆயுசு கூடுமெந்நு எனிக்கு உறப்பு தரான் பற்றில்ல. நேரே இரிக்காம். வேதன குறயும்." ஆயுள் கூடும் என்று உறுதி தர முடியாது; நேராக உட்காரலாம், வலி குறையும்.

"நேரே இருந்நால் மதி" என்றான் முகிலன். நேராக உட்கார்ந்தால் போதும். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மயோடு பறயருது" என்றான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

என்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. நான் அந்த மொழியின் பக்கம் இருக்கிறவன் என்று நினைத்திருப்பான்.

திரும்பும்போது ஆட்டோவில் பேச்சி கேட்டாள். "டாக்டர்ட்ட என்னமோ கேட்டானே, என்ன?"

"கம்பி துருப்பிடிக்குமான்னு கேட்டான்."

"ம்" என்று வெளியே பார்த்துக்கொண்டாள். முகிலன் போனில் கப்பல் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து அவனைப் படுக்கவைத்த பிறகு, அடுக்களையில் என் பக்கத்தில் வந்து நின்றாள். "எனக்குப் பேசத்தான் வராது. கேட்டா எல்லாம் புரியும். எத்தனை வருசமா டிவி பாக்கேன். நேரா இருந்தாப் போதும்னு சொன்னான்லா?"

கழுவிய டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன்.

"அவன்கிட்ட எனக்குத் தெரியும்னு காட்டிக்கிடாதீங்க. அம்மைக்குத் தெரியக்கூடாதுன்னு நெனைக்கான். அந்த நெனப்போடயே இருக்கட்டும்."

அதன் பிறகு அவன் இருந்தவரை, அவனுக்கு முன்னால் அவள் மலையாளம் தெரியாதவளாகவே இருந்தாள். அவன் நண்பர்கள் வந்து பேசும்போது, "என்னடா சொல்லுதான், எனக்கும் சொல்லு" என்பாள். அவன் மொழிபெயர்ப்பான், பாதியை மாற்றி. அவள் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுச் சிரிப்பாள்.

6

அறுவைக்கு என் அலுவலகக் காப்பீட்டில் அனுமதி கேட்டு ஆஸ்பத்திரி எழுதியது. பதிலாகக் கேள்வி வந்தது. முதுகெலும்பு வளைவின் காரணம் குறிப்பிடப்படவில்லை, பிறவிக் குறையா என்று விளக்கவும்.

அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. நான் தினமும் அனுப்புகிற கேள்விதான் அது. எங்கோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் என்னைப் போல ஒருவர் உட்கார்ந்து, விதிப்படி கேட்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் இருந்து போன தாளில் வெறுமனே வளைவு என்று மட்டும் இருந்தது. வகையும் இல்லை, இடமும் இல்லை. தசைநோய் வேறொரு தாளில் இருந்தது. அந்தத் தாள் அனுப்பப்படவில்லை.

காப்பீட்டு மேசையில் இருந்த ஷீபா நல்ல பெண். "சேட்டா, டாக்டர் லீவிலாணு. வந்நால் உடனெ ஒப்பிடீக்காம்" என்றாள், வந்ததும் கையெழுத்து வாங்கித் தருவதாக. டாக்டர் வந்தார். தாளைப் பார்த்ததும் "ஸாரி" என்று சொல்லி, நின்றபடியே முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது போய், இன்னொரு கேள்வி வந்து, அதற்கும் பதில் போய், கடைசியில் அனுமதி கிடைத்தது. தேதியும் கொடுத்தார்கள்.

அதற்குள் மழை பிடித்துவிட்டது. அடுத்த வீட்டு மாமி திண்பண்டம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "கொழந்தை ஏன் இப்படி மூச்சு வாங்கறது?" என்று கேட்டாள். அன்று அவனுக்கு உடம்பு சுட்டது. ஸ்வெட்டர் எடு என்று அவன் சொல்லவில்லை.

நிமோனியா. தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள் கிடந்து பிழைத்து வந்தான். ஆனால் வந்தவன் வேறு ஆள். மறுபடி நுரையீரல் சோதனை செய்தார்கள். குழாயில் ஊதச் சொன்னபோது கன்னம் உப்பியது, கருவியில் கோடு எழவில்லை. மயக்க மருந்து டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். அறுவை முடிந்தாலும் செயற்கைச் சுவாசத்தில் இருந்து இவனை வெளியே எடுக்க முடியாமல் போகலாம், இனி செய்வது சரியல்ல என்றார்.

முகிலனிடம் யார் சொல்வது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது அவனே கேட்டான்.

"செய்யமாட்டாங்களா?"

"இல்லய்யா" என்றாள் பேச்சி.

"சாரமில்லம்மா."

அன்றைக்கு அவள் அந்தச் சொல்லைத் திருத்தவில்லை.

7

அதற்குப் பின் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தான். வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய்த்தணிப்புச் சேவைக்காரர்கள் உதவினார்கள். அவர்களில் மேரி சிஸ்டர் வாரந்தோறும் வருவார். அவன் வளைவுக்கு ஏற்ப அச்செடுத்து ஒரு இருக்கை செய்து நாற்காலியில் பொருத்தினார்கள். நிமிர்த்த முடியாது, சாய்ந்த இடத்திலேயே வலிக்காமல் தாங்கிக்கொள்ளும். ராத்திரி மூச்சுக்கு ஒரு கருவி. விழிஞ்ஞத்துக்குப் போக முடியாதபோது, போனிலேயே கப்பல்களைப் பார்த்தான். ஒரு காலையில், பேச்சி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, போதும் என்று தலையசைத்தான். சற்று நேரத்தில் இதயம் நின்றுவிட்டது. பதினைந்து வயது.

ஆஸ்பத்திரி கொடுத்த இறுதிச் சுருக்கத்தை வீட்டில் வைத்துப் படித்தேன். படிக்காமல் இருக்க முடியவில்லை, அது என் தொழில். தசைச்சிதைவு நோய். அதன் காரணமாக நரம்புத்தசை முதுகெலும்பு வளைவு. மார்பும் இடுப்பும் சேருமிடம். அதன் காரணமாகச் சுவாசக் குறை. இதயத் தசைப் பாதிப்பு. எல்லாம் இருந்தது. ஒரு கேள்வி கேட்க இடமில்லை. என் மேசைக்கு வந்திருந்தால் நிமிஷத்தில் முடித்து அனுப்பியிருப்பேன்.

ஊரில் இருந்து தம்பி போனில் சத்தம் போட்டான். "அந்தக் காயிதம் இழுத்தடிச்சதாலதானண்ணே எல்லாம்? அப்பவே செஞ்சிருந்தா பொழைச்சிருப்பான்லா? சும்மா விடக்கூடாது."

அவன் துக்கத்தில் சொன்னான். நானும் அதைப் பலநாள் யோசித்தேன். தாள் தாமதமானது உண்மை. காய்ச்சல் வந்தது உண்மை. இரண்டுக்கும் நடுவில் 'காரணமாக' என்று எழுத எனக்கு அதிகாரம் இல்லை. ஆசை இருக்கிறது, எழுதிவிட்டால் ஆத்திரப்படுவதற்கு ஓர் இடம் கிடைக்கும். முதுகெலும்பு டாக்டரிடமே ஒருநாள் போய்க் கேட்டேன். முதலிலேயே தேதி கிடைத்திருந்தால் மாறியிருக்குமா?

அவர் முகிலனின் கோப்பை எடுத்துப் புரட்டினார். "அறிஞ்ஞூட. அறியாமெந்நு பறஞ்ஞால் நுணயாகும்" என்றார். எனக்குத் தெரியாது, தெரியும் என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

பேச்சியிடம் வந்து சொன்னேன். "நல்ல மனுசன்" என்றாள். "எங்க அம்மைக்கு வெயிலு கெடச்சுது, குத்தம் சொல்ல. நமக்கு அதும் வேண்டாம்."

8

வருஷம் முடிகிறதே, ஊருக்கே வந்துவிடுங்கள், இனி அங்கே உங்களுக்கு என்ன இருக்கிறது என்று எல்லாரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பிள்ளையின் மருத்துவத்துக்காக இருந்தோம். இப்போது பிள்ளை இல்லை. என் வேலையை மதுரையிலோ சென்னையிலோகூடப் பார்க்கலாம்.

செவ்வாய்க்கிழமை நான் அனுப்பிய கேள்விக்கு இரண்டு நாளில் பதில் வந்தது. தசைநோய் காரணமாக ஏற்பட்ட நரம்புத்தசை வளைவு என்று அந்த டாக்டர் எழுதியிருந்தார். நான் முதலில் படித்தது பல வாரம் பழைய குறிப்பு; கூடவே இப்போது புதிய குறிப்பு ஒன்று. அறுவை முடிந்துவிட்டது, பையன் நாற்காலியில் நேராக உட்காருகிறான். குறியீட்டைப் போட்டு மூடினேன். வேலை விஷயத்தை வீட்டில் பேசக்கூடாது என்பது விதி. பேச்சி "என்ன, மொகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டபோது, "ஒண்ணுமில்ல, நல்லதுதான்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் மேரி சிஸ்டர் போன் செய்தார். விழிஞ்ஞத்தில் துறைமுகக் கட்டுமான வேலைக்கு வந்த ஒரு தமிழ்க் குடும்பம். குழந்தைக்குப் பிறந்ததில் இருந்தே மூளைவாதம், இப்போது முதுகு சாய்கிறது. அம்மாவுக்கு மலையாளம் ஒரு சொல் தெரியாது. பேச்சி சேச்சியும் நீங்களும் ஒருமுறை வரமுடியுமா?

வரமாட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். பேச்சி சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

தகரக் கூரை போட்ட வரிசை அறைகளில் ஒன்று. பரமக்குடிப் பக்கத்துப் பெண், பெயர் செல்வி. கணவன் வேலைக்குப் போயிருந்தான். ஆறு வயதுப் பெண் குழந்தை அவள் மடியில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. அவள் நிமிர்த்தி நிமிர்த்தி வைக்க, அது மறுபடி சரிந்தது.

சிஸ்டர் கேட்டதையெல்லாம் பேச்சி தமிழில் கேட்டாள். செல்வி சொன்னதை மலையாளத்தில் சொன்னாள். திக்கித் திக்கி, பாதிச் சங்கரன்கோவில் ராகத்தில். ஆனால் சொன்னாள். அவள் மலையாளம் பேசி நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறேன்.

"வயித்துல இருக்கும்போது கிரகணத்தன்னைக்கு வெளிய போனேன்க்கா. அதுனாலதான இப்பிடின்னு எங்க மாமியா சொல்லுது" என்றாள் செல்வி.

பேச்சி இதை மொழிபெயர்க்கவில்லை. "இல்ல" என்றாள். "அதுனால இல்ல. மூளையில இருந்து சதைக்குச் சேதி சரியாப் போகல. சதை பிடிச்சு நிறுத்தாததுனால முதுகு சாயுது. நீ எங்கயும் போனதுனால இல்ல. கேட்டியா? யாரு சொன்னாலும் இல்லன்னு சொல்லு."

செல்வி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, கேட்டாள்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கக்கா?"

மேரி சிஸ்டர் எழுதுவதை நிறுத்தினார். வாசலில் நின்றிருந்த நான் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"ஒரு பையன்" என்றாள் பேச்சி. "முகிலன்னு பேரு. போன வருசம் போயிட்டான். அவனுக்கும் முதுகு இப்பிடித்தான்."

செல்வி பாயில் நகர்ந்து இடம் விட்டாள். பேச்சி உட்கார்ந்ததும், குழந்தையைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள்.

பேச்சி ஒரு கையை இடுப்புக்கடியில் கொடுத்தாள். மறு கையை, விலா புடைத்திருந்த பக்கத்தில், அழுத்தாமல் அணைத்து வைத்தாள். குழந்தை ஒருமுறை முனகிவிட்டு, தலையை நிமிர்த்தி, எதிரே இருந்த தன் அம்மாவை நேராகப் பார்த்தது.